பிரித்தெழுதுக, சேர்த்தெழுதுக
ஒரு வீட்டுக் கடிகாரத்தைக் கழற்றினால் என்ன தெரியும் என்ற கேள்வி குறித்து

ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப் ஏறும் ஆட்கள் உள்ள வீட்டில் அலாரம் டைம்பீஸ் அலங்காரப் பொருள் அல்ல. அது அடிக்காத நாளில் ஜீப் போய்விடும். ஜீப் போனால் கூலி போகும். போடிநாயக்கனூரைச் சுற்றி, சிலமலை மாதிரியான அடிவார ஊர்களில் இது சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. அப்படிப்பட்ட டைம்பீஸை ஒரு பிள்ளை லீவு நாளில் கழற்றிப் பரப்பி வைத்தால், வீட்டின் தீர்ப்பு மூன்றே சொல்லில் வரும்: குரங்கு கைப் பூமாலை.

பிள்ளையின் தரப்பை அதன் பள்ளிக்கூடச் செய்முறை நோட்டின் பாணியிலேயே எழுதிப் பார்க்கலாம். நோக்கம்: கடிகாரத்துக்குள் நேரம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டறிதல். தேவையான பொருட்கள்: டைம்பீஸ் ஒன்று, திருப்புளி ஒன்று, பெரியவர்கள் வீட்டில் இல்லாத மத்தியானம் ஒன்று. செய்முறை: வந்ததையெல்லாம் கழற்றுக. காண்பன: சக்கரங்கள், திருகுகள், ஒரு சுருள். அறிவன: —

அந்தக் கடைசிக் கட்டத்தில் என்ன எழுதுவது? விளையாட்டுச் சோதனைதான், ஆனால் காண்பனவிலிருந்து அறிவனவுக்கு எப்படிப் போவது என்பது விளையாட்டான கேள்வி அல்ல. ஒரு பொருளைப் பிரித்துப் பார்த்தால் அது புரிந்துவிடுமா என்று பௌத்தத் துறவிகளும், ஐரோப்பியத் தத்துவவாதிகளும், கல்வியாளர்களும், உளவியலாளர்களும் தனித்தனியே கேட்டு, வேறுவேறு பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதில்களையும் அவற்றின் பலவீனங்களையும் வரிசைப்படுத்துவதே இந்தக் கட்டுரையின் வேலை.

மேசைமேல் கிடப்பது என்ன

பதில்களுக்கு முன் பொருளைப் பார்த்துவிடலாம். பழைய டைம்பீஸின் முதுகில் பெரும்பாலும் இரண்டு சாவிகள் இருக்கும். ஒன்று ஓட்டத்துக்கு, மற்றது அலாரத்துக்கு. முள் திருப்ப ஒரு குமிழ், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன நெம்பு. மூடியைக் கழற்றினால் இரண்டு பித்தளைத் தகடுகளுக்கு நடுவே பல்சக்கரங்கள். தகடுகளைப் பிரிக்கும் முன் ஸ்பிரிங்கின் முறுக்கை இறக்கிவிட வேண்டும். இறக்காமல் திருகைக் கழற்றினால் சுருள் படாரென்று விரிந்து சக்கரங்களைத் தெறிக்கடிக்கும், விரலையும் கிழிக்கும்.

ஸ்பிரிங் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கிறது. தடுக்க எதுவும் இல்லையென்றால் மொத்த முறுக்கும் சில நொடிகளில் இறங்கிப்போகும். தடுப்பது நங்கூர வடிவிலுள்ள ஒரு நெம்பு. அந்த நெம்பை இப்படியும் அப்படியும் ஆட்டுவது பேலன்ஸ் வீல். அந்தச் சக்கரத்தைத் திரும்பத் திரும்ப இழுத்துக்கொள்வது மயிரிழை கனத்திலுள்ள ஒரு சுருள். ஒவ்வோர் ஆட்டத்திலும் நெம்பு ஒரு பல்லை விட்டு அடுத்த பல்லைப் பிடிக்கிறது. விடுபடும் பல் போகிறபோக்கில் நெம்பைத் தட்டிவிட்டுப் போவதால் பேலன்ஸ் வீலுக்கு ஒரு சிறு உந்தல் கிடைக்கிறது. பல்லும் நெம்பும் மோதும் சத்தத்தையே நாம் ‘டிக்’ என்கிறோம்.

பழைய சாவிக் கைக்கடிகாரங்கள் பலவற்றில் மணிக்கு 18,000 டிக், அதாவது வினாடிக்கு 5. நெம்பு பிடித்து விடும் சக்கரத்துக்கு 15 பற்கள் என்றால், ஒரு சுற்றுக்கு 30 டிக், 6 வினாடிக்கு ஒரு சுற்று. பற்களை எண்ணினால் மற்றச் சக்கரங்களின் கணக்கும் வந்துவிடும். ஆனால் கழற்றிய பிறகு ஒன்றை எண்ண முடியாது. தனியே கிடக்கும் சுருளுக்கு அந்தத் தாளம் இல்லை; இழுத்து ஆட்ட அதில் பாரம் இல்லை. தனியே கிடக்கும் சக்கரத்துக்கும் தாளம் இல்லை; ஒரு பக்கம் போனால் திரும்பி வர அதற்குக் காரணம் இல்லை. வினாடிக்கு 5 என்பது இரண்டும் சேர்ந்திருக்கும்போது மட்டும் உண்டாகும் எண்.

தமிழ் படித்தவருக்கு இது பழகிய சங்கதி. ‘மணி’, ‘அடித்தது’ இரண்டையும் சேர்த்தெழுதினால் ‘மணியடித்தது’. நடுவில் வந்த யகர மெய் ‘மணி’யிலும் இல்லை, ‘அடித்தது’விலும் இல்லை. இலக்கணம் அதற்கு உடம்படுமெய் என்று பெயர் வைத்தது. பதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்பாகக் கழற்றிக் காட்டும் பவணந்தியின் நன்னூல், எழுத்துகள் சேரும்போது தோன்றுவதையும் திரிவதையும் கெடுவதையும் தனியே மூன்று இயல்கள் முழுக்கப் பேசுகிறது. பிரித்தெழுதுக என்று கேட்கும் தேர்வுத்தாள் சேர்த்தெழுதுக என்றும் கேட்கிறது. கடிகாரத்தைப் பற்றிய வாதங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு கேள்விகளில் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிட்டவை.

முதல் பதில்: திறக்காமல் தெரியாது

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கடிகாரமே அறிவுக்கு உவமை. வானத்தைத் தெய்வீக உயிராக அல்ல, கடிகாரமாகக் காட்ட விரும்புவதாக 1605இல் கெப்ளர் ஒரு கடிதத்தில் எழுதினார். ராபர்ட் பாயில் ஸ்ட்ராஸ்பர்க் பேராலயத்தின் பெரிய கடிகாரத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டினார். இயற்கை ஓர் எந்திரம். எந்திரத்தை அறிவது உறுப்புகளை அறிவதே என்பது இந்தத் தரப்பின் அடிப்படை.

இதற்கு வலுவான காரணம் தெக்கார்த் 1644இல் வெளியிட்ட நூலில் கிடைக்கிறது. ஒரே மாதிரி நேரம் காட்டும், வெளியே வித்தியாசம் தெரியாத இரண்டு கடிகாரங்களின் உட்புறம் முற்றிலும் வேறாக இருக்கலாம் என்றார் அவர். ஏறத்தாழ முந்நூறு ஆண்டு கழித்து, 1938இல் ஐன்ஸ்டைனும் இன்ஃபெல்டும் சேர்ந்து எழுதிய இயற்பியல் நூலிலும் அதே கடிகாரம் வருகிறது: முகத்தைப் பார்க்கலாம், டிக் சத்தத்தைக் கேட்கலாம், மூடியைத் திறக்க மட்டும் வழியில்லை. உள்ளே இருப்பதைப் பற்றி நல்ல ஊகம் செய்யலாம். அது ஒன்றே சரியான ஊகம் என்று உறுதி சொல்ல முடியாது.

இந்த வாதம் இன்றைய சுவரில் நேரடியாகவே பலிக்கிறது. வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கும் இரண்டு கடிகாரங்களில் ஒன்றுக்குள் சாவி ஸ்பிரிங். மற்றதற்குள் ஒற்றை செல்லும் குவார்ட்ஸ் படிகமும். திறந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

தமிழ்நாட்டில் இந்தத் தரப்புக்கு நாயகர் ஜி.டி. நாயுடு. கோவைக்கு அருகே கலங்கலில் 1893இல் பிறந்த அவர், இளம்வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கி, பிரித்துப் போட்டுப் படித்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. 1920இல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் பஸ் ஓட்டத் தொடங்கியவர், பிறகு போக்குவரத்திலும் எந்திரத் தொழிலிலும் பெரிய பெயராக வளர்ந்தார்.

பலவீனம் அந்தக் கதையைக் கேட்கும் விதத்திலேயே இருக்கிறது. நாயுடு பிரித்ததை நாம் சொல்கிறோம். திரும்பப் பூட்டி ஓட்டியதைப் போகிறபோக்கில் கடந்துவிடுகிறோம். தவிர, இது ஜெயித்தவரின் கதை. பிரித்த கடிகாரம் ஓடாமலே போன பிள்ளைகளின் வரலாற்றை யாரும் எழுதுவதில்லை. ஆகவே பிரித்ததால் மேதையானார்களா, மேதைகள் என்பதால் பிரித்தார்களா என்பதை இத்தகைய கதைகளிலிருந்து தீர்மானிக்க இயலாது.

இரண்டாம் பதில்: பிரித்தால் மிஞ்சாது

எதிர்த்தரப்பின் பழைய குரல் இந்தியாவுடையது. பாலி மொழியின் மிலிந்த பன்ஹா, கிரேக்க மன்னர் மிலிந்தரும் துறவி நாகசேனரும் உரையாடுவதாக அமைந்த நூல். தேரை உதாரணமாகக் காட்டுகிறார் நாகசேனர். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எல்லாவற்றுக்கும் இல்லை என்கிறார் மன்னர். அப்படியானால் இவற்றுக்கு வெளியே தேர் என்று ஒன்று உண்டா? அதுவும் இல்லை. உறுப்புகள் ஒன்றுகூடி நிற்கும்போது வழங்கும் பெயரே தேர் என்று முடிகிறது வாதம். நாகசேனர் பேசியது ‘நான்’ என்பதைப் பற்றி. ஆனால் ‘நேரம் எந்தச் சக்கரத்தில் இருக்கிறது’ என்று தேடும் பிள்ளைக்கும் அதே பதில் பொருந்தும்.

பிரெஞ்சுக் கவிஞர் பொதலேர் 1853இல் பொம்மைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், பொம்மையின் ஆன்மாவைக் காணத் துடித்து அதை உடைக்கும் குழந்தையைப் பற்றிப் பேசுகிறார். உடைந்த பிறகு ஆன்மா கிடைப்பதில்லை, சோர்வு மிஞ்சுகிறது.

விஞ்ஞானிகளே இந்தப் பக்கம் வந்தது பிற்பாடு. இயற்பியலாளர் பி.டபிள்யூ. ஆண்டர்சன் 1972இல், எல்லாவற்றையும் அடிப்படை விதிகளாகக் குறைக்க முடிவதாலேயே அந்த விதிகளிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கட்ட முடியும் என்று ஆகாது என வாதிட்டார். 2002இல் உயிரியலாளர் யூரி லாசெப்னிக் எழுதியது சிரித்துக்கொண்டே குத்தும் ஆய்வுரை: உயிரியலாளர்களிடம் பழுதான ரேடியோவைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்? ஒரே மாதிரி ரேடியோக்களை நிறைய வாங்குவார்கள், உறுப்புகளை நிறத்தையும் வடிவத்தையும் வைத்து வகைபிரிப்பார்கள், ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார்கள், எதைப் பிடுங்கினால் சத்தம் நிற்கிறதோ அதற்கு ஒரு கம்பீரமான பெயர் சூட்டுவார்கள். ரேடியோ மட்டும் பாடாது. விளையாட்டுச் சோதனை என்ற வடிவமே ஒரு துறையின் முறையைச் சோதிக்கும் கருவியானதற்கு இது நல்ல சான்று.

அந்த விளையாட்டை எரிக் ஜோனாஸும் கோன்ராட் கோர்டிங்கும் நிஜமாகவே ஆடிப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். 3,510 டிரான்சிஸ்டர்கள் கொண்ட, வடிவமைப்பு முழுமையாகத் தெரிந்த ஒரு பழைய கணினிச் சில்லைக் கணினியில் பாவனையாக ஓடவிட்டு, டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாக முடக்கினார்கள். சிலவற்றை முடக்கியபோது ஒரே ஒரு வீடியோ விளையாட்டு மட்டும் நின்றுபோனது. அதை வைத்து ‘இது இந்த விளையாட்டுக்கான டிரான்சிஸ்டர்’ என்றால் அபத்தம். மூளை ஆய்வில் நாம் எடுக்கும் முடிவுகளிலும் இதே அபத்தம் ஒளிந்திருக்கலாம் என்பது அவர்களின் எச்சரிக்கை.

இந்தத் தரப்பின் பலவீனம், அது தேவைக்கு மேல் நிரூபித்துவிடுகிறது. முழுமை உறுப்புகளில் இல்லை என்பது சரி. ஆனால் நின்றுபோன கடிகாரத்தை வாட்ச் கடைக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பிரிக்கிறார், அழுக்கைத் துடைக்கிறார், எண்ணெய் விடுகிறார், பூட்டுகிறார், அது ஓடுகிறது. ஆண்டர்சனும் குறைத்துப் பார்ப்பதை மறுக்கவில்லை. அதோடு வேலை முடிந்தது என்பதைத்தான் மறுத்தார்.

மூன்றாம் பதில்: கை கற்றுக்கொள்ளும்

கல்வியாளர்கள் கேள்வியையே மாற்றினார்கள். கடிகாரம் புரிகிறதா என்பதைவிடக் குழந்தைக்குள் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்கு முக்கியம். காந்தி 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி கைத்தொழிலைப் பாடத்தின் நடுவில் வைத்தது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் 1972இல் கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது. பாடத்தை மனப்பாடம் செய்வதற்குப் பதில் சோதனை செய்து கண்டதை எழுதவைத்தது. 2002இல் அரசால் நிறுத்தப்பட்டது. தமிழில் 1987 முதல் வரும் ‘துளிர்’ சிறுவர் அறிவியலை வீட்டுப் பொருள்களின் பக்கம் திருப்பியது.

போடிநாயக்கனூரை ஒட்டிய மலைத்தொடருக்கே சொந்தமான ஒரு பெயரும் உண்டு. 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்த மரியா மாண்டிசோரி, உலகப் போரால் ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியாமல், 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தார். பெரிய குழந்தைகளுக்கான அவருடைய கல்விச் சிந்தனை அங்கேதான் விரிவு பெற்றது. அவருடைய கருவிகளில் ஒரு தந்திரம் உண்டு: குழந்தை தவறு செய்தால் கருவியே காட்டிக்கொடுக்கும். மர உருளையைத் தவறான குழியில் வைத்தால் கடைசியில் ஓர் உருளை இடமில்லாமல் நிற்கும். ஆசிரியர் வாய் திறக்க வேண்டியதில்லை.

இந்த அளவுகோலை வைத்தால் டைம்பீஸ் அருமையான ஆசிரியர். ஆனால் பாதி நேரம் மட்டும். கழற்றும்போது எந்தத் தவறும் தவறாகத் தெரிவதில்லை. எந்தத் திருகை முதலில் எடுத்தாலும் கழன்றுவிடும். பூட்டும்போதுதான் கடிகாரம் பேசத் தொடங்குகிறது: சக்கரம் உட்காராது, மூடி சேராது, இரண்டு திருகு மிஞ்சும், எல்லாம் சரியாக இருந்தும் ஓடாது.

இந்தத் தரப்பின் மேல் வந்த கடுமையான விமர்சனம் 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் எழுதியது. புதிதாகக் கற்பவரின் நினைவு ஒரே நேரத்தில் சிலவற்றையே தாங்கும். வழிகாட்டாமல் தேட விட்டால் தேடுவதிலேயே அது தீர்ந்துபோகும் என்றார்கள். இதற்கு எதிர்ச்சான்றும் வலுவானதே. எலிசபெத் போனவிட்ஸும் சகாக்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பல வேலை செய்யும் ஒரு பொம்மையின் ஒரே ஒரு வேலையை ஆசிரியர் போலச் செய்துகாட்டியபோது, பாலர் வயதுக் குழந்தைகள் மற்ற வேலைகளைத் தேடுவது குறைந்தது. சொல்லிக்கொடுத்தால் சொன்னது வேகமாக வருகிறது. சொல்லாதது வராமல் போகிறது. இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. வேறுவேறு விளைச்சலை அளக்கின்றன.

நான்காம் பதில்: புரிந்ததாக ஒரு நினைப்பு

உளவியல் இதில் ஒரு சங்கடமான உண்மையைச் சேர்த்தது. ரோசன்பிளிட்டும் கீலும் 2002இல் வெளியிட்ட சோதனைகளில், ஜிப், பூட்டு, தையல் மிஷின் போன்றவை எப்படி வேலை செய்கின்றன என்று எந்த அளவுக்குத் தெரியும் என மக்களை மதிப்பெண் போடச் சொன்னார்கள். குவார்ட்ஸ் கடிகாரமும் அந்தப் பட்டியலில் இருந்தது. பிறகு படிப்படியாக விளக்கி எழுதச் சொன்னார்கள். எழுதிய பின் அவர்கள் தமக்குத் தாமே போட்ட மதிப்பெண் இறங்கியது. உறுப்புகள் கண்ணுக்குத் தெரியும் பொருள்களில் இந்த மயக்கம் கூடுதல் என்பதும் அவர்களின் முடிவுகளில் ஒன்று. சக்கரங்களைப் பார்த்துவிட்டோம், ஆகவே தெரிந்துகொண்டோம் என்று மனம் கணக்கு முடித்துவிடுகிறது.

இதை ஏற்றால், பரப்பி வைத்த கடிகாரம் அறியாமையைப் போக்குவதற்குப் பதில் மூடிவைக்கவும் கூடும். மருந்தும் அதே சோதனையில் இருக்கிறது: விளக்கச் சொன்ன உடனே மயக்கம் தெளிகிறது. விளக்குவதும் ஒருவகையில் சொற்களால் திரும்பப் பூட்டுவதே.

கடிகாரம் மாறியது

மேற்சொன்ன வாதங்கள் பெரும்பாலும் சக்கரக் கடிகாரத்தையே மனத்தில் வைத்தவை. அதற்கு முன்னும் பின்னும் வேறு கடிகாரங்கள் உண்டு. முல்லைப்பாட்டு காட்டும் பாசறையில் நாழிகைக் கணக்கர் பார்த்தது நீர்க் கடிகாரம். சிறு துளை வழியே நீர் அளவாகக் கசிந்தால் 24 நிமிடம் கொண்ட நாழிகை கணக்காகும். பிரிக்க அதில் எதுவும் இல்லை; பார்த்தாலே விளங்கும்.

குவார்ட்ஸ் அதற்கு நேரெதிர். 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று வீட்டுச் சுவர்களில் தொங்குபவை பெரும்பாலும் குவார்ட்ஸ். உள்ளே இசைக்கவை வடிவிலுள்ள படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இரண்டைப் பதினைந்து முறை பெருக்கிய எண் அது. ஆகவே பதினைந்து முறை பாதியாக்கினால் வினாடிக்கு ஒரு துடிப்பு. அந்தத் துடிப்பு கம்பிச்சுருளுக்குப் போய் ஒரு சிறு காந்தத்தை அரைச்சுற்று திருப்புகிறது. திறந்து பார்த்தால் பிளாஸ்டிக் சக்கரங்களும் கம்பிச்சுருளும் தெரியும். நேரத்தைக் கணக்கிடும் சில்லோ ஒரு கறுப்புப் பிசின் பொட்டுக்கு அடியில். காண்பனவில் எழுத ஒன்றும் இல்லை. பழைய டைம்பீஸுக்காகச் சொன்ன ‘பிரித்தால் புரியும்’ என்ற அறிவுரையை இதற்கு அப்படியே சொல்ல முடியாது.

யாரைக் கேட்டுத் திறப்பது

தத்துவமும் உளவியலும் அதிகம் தொடாத ஒரு கேள்வியை வீடு முதலிலேயே கேட்டுவிடுகிறது: இது யாருடைய கடிகாரம்? ஆர்வத்துக்கு ஒரு விலை உண்டு. ஆர்வப்பட்டவரே அதைக் கொடுப்பதில்லை. மாற்றுக் கடிகாரம் உள்ள வீட்டில் அது விளையாட்டு. ஒரே டைம்பீஸ் உள்ள வீட்டில் மறுநாள் ஜீப். ‘பிள்ளைகளைப் பிரிக்க விடுங்கள்’ என்ற கல்வி உபதேசம் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் கணக்கில் கொள்வதில்லை. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ஓடாத கடிகாரத்தைப் பள்ளிக்கூடம் வாங்கி வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

இதே கேள்வி போடி மேற்கு மலையில் பெரிய அளவில் எழுந்தது. பொட்டிப்புரம் பக்கம் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் தந்தது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம், மேலே சுமார் 1 கிலோமீட்டர் பாறை, உள்ளே 50,000 டன் காந்தமூட்டிய இரும்பு என்பது திட்டம். பொருளின் ஆக அடிப்படையான துகள்களில் ஒன்றை அறிய அது வழி என்றார்கள் இயற்பியலாளர்கள். மலையையும் நீரையும் மதிகெட்டான் சோலைக் காட்டையும் முன்வைத்து எதிர்த்தார்கள் மக்களும் சூழலியலாளர்களும். அனுமதிக்க இயலாது என்று தமிழ்நாடு அரசு 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. எந்தத் தரப்பு சரி என்பது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே. டைம்பீஸ் விவகாரத்தோடு அதற்குள்ள ஒப்புமை மட்டும் இங்கே போதும்: உள்ளே இருப்பதை அறிய எதைத் திறக்கலாம், திறந்ததைப் பழையபடி மூட முடியுமா, அதை யார் முடிவு செய்வது?

மதிப்பீடு

நான்கு பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. திறக்காமல் செய்யும் ஊகம் பலவற்றில் ஒன்றாகவே நிற்கும். திறந்து கண்ட உறுப்புகளின் பட்டியல் விளக்கம் ஆகாது. விளக்கம் போன்ற மயக்கத்தைத் தரக்கூடும். தவறு தெரியவருவது பெரும்பாலும் திரும்பப் பூட்டும்போதும் விளக்கிச் சொல்லும்போதும். ஆகவே பிரிப்பதா கூடாதா என்ற வாதத்தைவிட, பிரித்ததைச் சேர்க்கும்வரை பிள்ளைக்கு நேரமும் துணையும் உண்டா என்ற கேள்விக்கே கூடுதல் பயன் இருப்பதாகத் தெரிகிறது.

திறந்தே கிடக்கும் கேள்விகளும் உண்டு. சிறுவயதில் பொருள்களைக் கழற்றிய பழக்கம் பிற்காலச் சிந்தனையை எந்த அளவு வளர்க்கிறது என்பதை ஜெயித்தவர்களின் நினைவுக் கதைகள் தீர்க்காது. வழிகாட்டல் எந்த இடத்தில் போதும், எங்கே மிஞ்சுகிறது என்பது பொருளுக்குப் பொருள், வயதுக்கு வயது மாறக்கூடும். பிசின் பொட்டுக்கு அடியில் ஒளிந்த எந்திரங்களின் காலத்தில் கையால் பிரித்துப் படிப்பதற்கு மாற்று என்ன என்பதற்குத் தெளிவான பதில் இன்னும் உருவாகவில்லை.

செய்முறை நோட்டுக்குத் திரும்பினால், அறிவன என்ற கட்டத்தைப் பரப்பி வைத்த சக்கரங்களைப் பார்த்து இப்போதைக்கு நிரப்ப வேண்டியதில்லை. செய்முறையில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது: ‘கழற்றியதையெல்லாம் பூட்டி, சாவி கொடுத்து, மறுநாள் காலை அலாரம் அடிக்கிறதா என்று பார்க்க.’ காண்பன அதற்குப் பிறகே முழுமையாகும்.